வீட்டில் கட்டிய வயல் வண்டிக்கு மாற்று டயர்: வன்னியில் முதன்முறை போடுகிறவர்களுக்கு

பழைய மாருதி வானின் பின்னச்சையும் கியர்ப் பெட்டியையும் எடுத்து, லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) எஞ்சினைப் பொருத்தி, இரும்புச் சட்டத்தில் சொந்தமாக ஒரு வண்டி கட்டியிருக்கிறீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் உரப்பையும் விதைநெல்லும் ஏற்றிக்கொண்டு நன்றாகவே ஓடுகிறது. ஐப்பசியில் மழை பிடித்தவுடன் வாய்க்கால் கரையில் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “லாண்ட்மாஸ்டர் டயரைப் போடுங்கள்.”

ஆலோசனை சரியானதுதான். ஆனால் கார் ஹப்பில் (சில்லைப் பூட்டும் நடுப்பகுதியில்) லாண்ட்மாஸ்டர் டயர் ஏறுவதற்கு முன்னால் ரிம், நட்டு, புலி (பெல்ட் ஓடும் சக்கரம்), பிரேக், காகிதம் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் வண்டிக்கு இந்த வேலை ஒரு மாரி முழுவதும் இழுபட்டது. இதைச் செய்யப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். ஒரு விடயத்தை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: டயர் கடைக்குக் கடைசியாகப் போங்கள். கீழே உள்ள ஒழுங்கு அதற்காகத்தான் இப்படி இருக்கிறது.

1. வண்டி எங்கே ஓடலாம், எங்கே ஓடக்கூடாது

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பொது வீதியில் ஓடும் மோட்டார் வாகனத்துக்குப் பதிவு, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஆகியவை வேண்டும். வீட்டில் கட்டிய வண்டிக்கு இவை எதுவும் இல்லை. ஆகவே அது உங்கள் காணிக்குள்ளும் வயலுக்குள்ளும் ஓடுவதற்கான வண்டி. ஏ9 வீதியிலோ, மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலோ “கொஞ்சத் தூரம்தானே” என்று ஏற்றக்கூடாது. விபத்து ஒன்று நடந்தால், காப்புறுதி இல்லாத நீங்கள்தான் செலவைச் சுமக்க வேண்டி வரும். வண்டியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதானால் லொறியில் ஏற்றுங்கள்.

பெரிய டயர் போட்டால் பதிவு கிடைக்கும் என்று சில கராஜ்களில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். டயரை மாற்றுவது பதிவுக்கு வழி அல்ல. வண்டியைப் பற்றிக் கேள்வி இருந்தால், செலவு செய்வதற்கு முன்பே மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குப் படங்களுடன் போய் மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள் சில உண்டு. எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு, அதில் எஞ்சின் இலக்கம். அச்சும் கியர்ப் பெட்டியும் எந்த வாகனத்திலிருந்து வந்தனவோ அந்த வாகனத்தின் செசி இலக்கமும், விற்றவரின் அடையாள அட்டைப் பிரதியும். பழைய உதிரிப்பாகங்களைக் கைமாற்றாக வாங்கும்போது இவற்றை யாரும் கேட்பதில்லை. ஆனால் லொறியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது மறிக்கிற பொலிஸார் முதலில் கேட்பது இதைத்தான். டயர், ரிம் வாங்கும் சீட்டுகளையும் அதே உறைக்குள் போட்டு வையுங்கள்.

குளக்கட்டு விடயத்தில் கவனம் தேவை. பெரிய குளங்களின் கட்டும் வாய்க்கால் கரைகளும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. ஈரமான மண்கட்டில் பல்லு டயர் ஏறினால் கட்டைக் கிழித்துவிடும். உங்கள் கமக்காரர் அமைப்பில் முன்கூட்டியே கதைத்து, எந்தக் கரையால் போகலாம் என்று உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் உங்கள் வண்டிதான் பேச்சாக இருக்கும்.

காட்டு ஓரம் காணி உள்ளவர்களுக்கு: வன வளத் திணைக்களத்தின் ஒதுக்குக் காட்டுக்குள் வண்டியோடு போவது குற்றம். மணலோ மரமோ அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றினால் வண்டியே பறிமுதலாகும். சிவப்புப் பலகையில் மண்டையோட்டுக் குறி போட்ட (கண்ணிவெடி அபாய) இடம் எதுவாக இருந்தாலும், எத்தனை வருடமாக அங்கே மாடு மேய்ந்தாலும், அதற்குள் சில்லை விடாதீர்கள். கால்நடை மிதித்துப் போகும் மேல்மண்ணைவிடப் பல்லு டயர் ஆழமாகத் தோண்டும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

2. உங்கள் நிலம் எது?

ஒரே டயர் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. வன்னிக்குள்ளேயே மண் பலவகை.

வயல் சேற்றுக்கு ஒடுக்கமான, உயரமான டயர் நல்லது. பல வருடம் உழுத வயலில் மேற்சேற்றுக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று இருக்கும். ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அந்தத் தட்டில் கால் ஊன்றும். அகலமான டயர் சேற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும். 6.00-12 அளவுள்ள லாண்ட்மாஸ்டர் டயர் இவ்வளவு பெயர் எடுத்தது அதனால்தான்.

முல்லைத்தீவுக் கரையோர மணலில் கதை வேறு. அங்கே ஒடுங்கிய பல்லு டயர் தன் குழியைத் தானே தோண்டும். அகலமான சாதாரண டயரில் காற்றைக் குறைத்து ஓடுவதுதான் சரி. மாங்குளம், துணுக்காய் பக்கத்துச் செம்மண், கிரவல் ஒழுங்கைகளில் கோடையில் எந்த டயரும் ஓடும். மழையில் செம்மண் பல்லுக்கு இடையில் அப்பிக்கொண்டு டயரை மொட்டையாக்கிவிடும். அதற்கு இடைவெளி அதிகமுள்ள பல்லுகள் வேண்டும். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண்ணில் காணி இருந்தால், மழை பெய்து ஓய்ந்த கையோடு எந்த டயரோடும் இறங்காதீர்கள். ஒரு நாள் காயவிட்டு இறங்குங்கள்.

பாதி நாள் காணிக்குள் கிரவல் பாதையிலும் பாதி நாள் வயலிலும் ஓடுகிறவர்களுக்கு என் யோசனை: பின்னுக்குப் பல்லு டயர், முன்னுக்கு நேர்க்கோடுகள் உள்ள ஒடுங்கிய சாதாரண டயர். முன்சில்லு இழுப்பதில்லை, திருப்புகிறது. நேர்க்கோட்டு டயர் சேற்றில் பக்கவாட்டாக வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். உழவு இயந்திரங்களின் முன்டயரில் மூன்று வரம்பு போல ரப்பர் ஓடுவது இதற்காகத்தான். முன்னுக்கும் பல்லு டயர் போட்டால் ஸ்டியரிங் பாரமாகும், கிரவலில் கை நடுங்கும்.

முள்ளையும் கணக்கில் எடுங்கள். உடைமுள்ளும் ஈச்சமுள்ளும் உள்ள பாதை என்றால், நான்கு பிளை (உள்நூல் அடுக்கு) டயரை விட்டு ஆறு பிளை வாங்குங்கள். விலை கூடத்தான். ஒட்டுப் போடும் செலவில் அது மிஞ்சும்.

3. ஹப்பை அளவெடுங்கள்

இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் பாதிச் சிக்கல் வராது. சில்லைக் கழற்றி, ஹப்பைக் கம்பித் தூரிகையால் துடைத்து, ஒரு கடதாசியில் இவற்றைக் குறியுங்கள்.

முதலாவது, ஸ்டட்டுகளின் (சில்லு நட்டு ஏறும் மரையாணிகளின்) எண்ணிக்கையும் வட்ட விட்டமும். நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். மையத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தால், ஒன்றின் இடது விளிம்பிலிருந்து எதிரில் உள்ளதன் இடது விளிம்புக்கு அளங்கள். அதே அளவு வரும். மாருதி 800, ஒம்னி ஆகியவற்றில் இது 114.3 மில்லிமீற்றர். ஐந்து ஸ்டட் என்றால் எதிரெதிரே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் இடைவெளியை அளந்து 1.7 ஆல் பெருக்குங்கள். 67 மில்லிமீற்றர் வந்தால் அது 114.3 வட்டம். 82 வந்தால் 139.7 வட்டம், அதாவது பழைய வில்லிஸ் ஜீப்பிலும் சுசுகி ஜிம்னியிலும் உள்ளது.

இரண்டாவது, நடுத்துளையின் விட்டம். ரிம்மின் நடுத்துளை ஹப்பின் நடுக்கொம்பைவிடச் சிறியதாக இருந்தால் ரிம் உட்காராது. அரைவாசி உட்கார்ந்த ரிம்மை நட்டால் இழுத்து இறுக்குவது மிகவும் ஆபத்தானது.

மூன்றாவது, ஸ்டட்டின் மரை. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சுசுகி வாகனங்களில் 12 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு 1.25 மரை. டொயோட்டாவில் அதே 12 மில்லிமீற்றருக்கு 1.5 மரை. இரண்டு நட்டும் பார்வைக்கு ஒன்றுதான். பிழையான நட்டு இரண்டு சுற்று ஏறியும் விடும். பிறகு சாவியால் இறுக்கினால் மரையைக் கடித்துக்கொண்டு ஏறும். இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள். பாரத்தோடு ஒரு பள்ளத்தில் விழும்போது ஸ்டட் கையோடு வரும். நட்டு கையாலேயே கடைசி வரை ஏற வேண்டும். கையால் ஏறாத நட்டைப் பாவிக்க வேண்டாம்.

நான்காவது, பழைய ரிம்மின் அகலமும், பொருந்தும் தட்டு ரிம்மின் உள்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும். நேரான கோல் ஒன்றை ரிம்மின் உள்விளிம்பில் குறுக்கே வைத்து, கோலிலிருந்து தட்டு வரை அளவுகோலை இறக்கினால் கிடைக்கும். ரிம் வேலை செய்கிறவருக்கு இந்த அளவு கட்டாயம் தேவை.

4. உயரக் கணக்கு

டயர் உயர்ந்தால் வண்டி உயரும், அது எல்லோருக்கும் தெரியும். டயர் உயர்ந்தால் இழுவை குறையும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வானோடு வந்த 145R12 டயரின் முழு விட்டம் சுமார் 540 மில்லிமீற்றர். 6.00-12 லாண்ட்மாஸ்டர் டயர் சுமார் 640. வித்தியாசத்தில் பாதி, அதாவது 50 மில்லிமீற்றர், அச்சு மேலெழும். நல்லது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 18 வீதம் அதிகமாக ஓடும், நிலத்தில் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 15 வீதம் குறையும். பிரேக்கின் பிடியும் அதே அளவு குறையும். ஏற்கெனவே முக்கி முனகி மேடு ஏறும் வண்டிக்கு இது பெரிய இழப்பு.

லாண்ட்மாஸ்டர் எஞ்சின் வி பெல்ட்டில் ஓடுவது இங்கே வசதி. எஞ்சின் பக்கப் புலியை அதே விகிதத்தில் சிறிதாக்கினால் இழுவை திரும்பி வரும். 120 மில்லிமீற்றர் புலி இருந்தால் 100 போடுங்கள். பெல்ட்டின் நீளமும் மாறும், அதையும் சேர்த்து வாங்குங்கள். பிரேக்குக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது. பிரேக் சூக்கள் தேய்ந்திருந்தால் டயர் மாற்றும் அன்றைக்கே அவற்றையும் மாற்றுங்கள்.

ஜீப்பின் 6.00-16 டயர் கிடைக்கிறதே, அதைப் போடலாமா என்று கேட்பார்கள். அதன் விட்டம் 720 மில்லிமீற்றர் அளவில் வரும். சின்ன வானின் அச்சுத்தண்டு அந்த முறுக்கைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. ஜீப் அச்சு உள்ள வண்டிக்கு மட்டும் அதை யோசியுங்கள்.

ஒரே அச்சின் இரண்டு பக்கமும் ஒரே விட்டம் இருக்க வேண்டும். ஒன்று புதியது, மற்றது பாதி தேய்ந்தது என்று போட்டால் டிபரன்சியல் ஓய்வில்லாமல் வேலை செய்து சூடாகும். கடையில் நூல் ஒன்றால் இரண்டு டயரையும் சுற்றி அளந்து பாருங்கள்.

5. இடம் இருக்கிறதா?

வண்டியை ஜக்கில் ஏற்றிவிட்டு, காட்போட்டில் புதிய டயரின் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி ஹப்பில் வைத்துப் பாருங்கள். சட்டம், பிரேக் குழாய், ஸ்பிரிங், மட்காட் எல்லாவற்றுக்கும் குறைந்தது 40 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். சேறு அப்பினால் டயர் தடிக்கும், அதையும் சேர்த்துத்தான் இந்த அளவு. முன்சில்லு என்றால் ஸ்டியரிங்கை இருபக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பிறகு ஒரு பக்கச் சில்லின் கீழே இரண்டு கல் அடுக்கி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலும் பாருங்கள். பிரேக் குழாயைத் தொட்டுக்கொண்டு ஓடும் டயர் ஒரே நாளில் அதை அறுத்துவிடும்.

6. காலமும் காசும்

ஆவணி கடைசியிலிருந்து ஐப்பசி வரை கராஜ், லேத், டயர் கடை எதற்கும் போகாதீர்கள். காலபோக உழவுக்காக வன்னியின் உழவு இயந்திரங்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும். உங்கள் வேலையை எடுத்தாலும் அவசரத்தில் செய்வார்கள். மாசி, பங்குனி அறுவடை நேரமும் அப்படித்தான். நல்ல காலம் வைகாசியிலிருந்து ஆடி வரை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி லேத் பட்டறைகள் நாட்கணக்கில் பூட்டியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ரிம் வேலைக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். எல்லாம் சேர்த்து மூன்று வாரம் வைத்தால் பதறாமல் முடிக்கலாம்.

காசு விடயத்தில் ஒரே அறிவுரை: டயருக்கு ஒதுக்கும் தொகைக்கு மேலதிகமாக, அதன் முக்கால் பங்கு அளவை மற்றவற்றுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். டியூப், ரிம், லேத் கூலி, ஒட்டு வேலை, புதிய ஸ்டட்டும் நட்டும், புலி, பெல்ட், பிரேக் சூ, லொறிக் கூலி எல்லாம் அதற்குள் வரும். விலை கேட்கும்போது “18 வீத வற் சேர்த்தா?” என்று கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் விலை பெரும்பாலும் அது சேர்க்காத விலை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விலை கேட்டுவிட்டு, டயர் ஒரு கடையிலும் டியூப் இன்னொரு கடையிலுமாக வாங்காமல் ஒரே கடையில் பேசுங்கள். மாட்டுக் கூலியைக் குறைப்பார்கள், பிழை வந்தால் பொறுப்பை ஒருவர் மேல் ஒருவர் போடவும் முடியாது.

பட்ஜெட் இறுகினால் டயரில் குறையுங்கள், பாவித்த டயரோ ரீபில்ட் டயரோ வாங்கலாம். ரிம், நட்டு, பிரேக் மூன்றிலும் குறைக்காதீர்கள்.

7. ரிம் வேலை

லாண்ட்மாஸ்டர் ரிம்மின் துளைகள் பெரும்பாலும் கார் ஹப்புக்குப் பொருந்தாது. கார் ரிம்மில் அந்த டயரை ஏற்றலாமே என்று தோன்றும். மாருதியின் ரிம் 4 அங்குல அகலம். 6.00-12 டயருக்கு 4.5 முதல் 5 அங்குலம் வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் ஏற்றினால் டயர் நடுவில் புடைத்து, காற்றைக் குறைத்தவுடன் விளிம்பு கழன்றுவிடும்.

ஆகவே வழமையாகச் செய்வது, லாண்ட்மாஸ்டர் ரிம்மின் வெளிவட்டத்தில் கார் ரிம்மின் நடுத்தட்டை வைத்து ஒட்டுவது. இதைச் செய்ய லேத் இருக்கும் பட்டறைக்கே போங்கள். நடுத்தட்டை லேத்தில் கடைந்து, வெளிவட்டத்துக்குள் இறுக்கமாக உட்காரும் அளவுக்கு எடுக்க வேண்டும். காஸ் கட்டரால் வெட்டி, இடைவெளியை ஒட்டுக்கம்பியால் நிரப்புகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஒட்டும்போது ஒரே மூச்சில் சுற்றி ஒட்டாமல், எதிரெதிர்ப் பக்கங்களில் சிறிது சிறிதாக ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் ரிம் கோணும். 7018 கம்பி கேளுங்கள், அது காய்ந்த கம்பியாக இருக்க வேண்டும். நீங்கள் குறித்து வைத்த தட்டின் தூரத்தைக் கடதாசியோடு கொடுங்கள். தட்டு உள்ளே போய்ச் சில்லு வெளியே தள்ளினால் வண்டி அகலமாக, அழகாகத் தெரியும். ஆனால் பெயாரிங் முழுப் பாரத்தையும் கோணலாகச் சுமக்கும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் ரிம்மை ஹப்பில் பூட்டி, பக்கத்தில் ஒரு ஆணியை அசையாமல் நிறுத்தி, அதன் நுனி ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துச் சுற்றுங்கள். இடைவெளி 2 மில்லிமீற்றருக்கு மேல் கூடிக் குறைந்தால் திருப்பிக் கொடுங்கள். ஒட்டின் மேல் பெயின்ட் அடிக்கவும் விடாதீர்கள். வெடிப்பு இருந்தால் பெயின்ட் அதை மறைத்துவிடும். ஒரு போகம் ஓடி, ஒட்டைப் பார்த்த பிறகு அடிக்கலாம்.

டயர் ஏறியிருக்கும் ரிம்மை ஒருபோதும் ஒட்டக்கூடாது. காற்றை இறக்கிவிட்டோம் என்று சொல்வார்கள். காற்று இறங்கியிருந்தாலும் சூட்டில் உள்ளே உள்ள ரப்பர் வாயுவாகி டயர் வெடிக்கும். ஆள் உயிரைக் குடிக்கும் வேலை அது. “ஒரு சின்ன ஒட்டுத்தானே” என்று யாராவது கம்பியை எடுத்தால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

8. இப்போது டயர் கடைக்குப் போகலாம்

ரிம்மைக் கையோடு கொண்டுபோங்கள். டயரின் பக்கச்சுவரில் பார்க்க வேண்டியவை: அளவு, பிளை எண்ணிக்கை, பின்னர் நான்கு இலக்கம். 2319 என்று இருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்தது. புதிதாக, பளபளப்பாக இருந்தாலும் ஆறு ஏழு வருடம் கடையில் கிடந்த டயரை வாங்காதீர்கள். வேக எழுத்தையும் பாருங்கள். விவசாய டயர்களில் ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீற்றர், ஏ8 என்றால் 40. அதற்கு மேல் ஓட அந்த டயர் செய்யப்படவில்லை.

பாவித்த டயர் என்றால் வெளியே பார்ப்பதைவிட உள்ளே பாருங்கள். விளிம்பில் கம்பி வெளியே தெரிந்தால் வேண்டாம். பக்கச்சுவரை மடித்தால் உள்நூல் தெரியும் அளவுக்கு வெடிப்பிருந்தால் வேண்டாம். ரீபில்ட் டயரில் ஒட்டிய ரப்பரின் ஓரத்தை விரல் நகத்தால் கிளப்பிப் பாருங்கள். அசைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வயல் வேகத்துக்கு நல்ல ரீபில்ட் டயர் போதுமானது.

டியூப் வாங்கும்போது வால்வைக் கவனியுங்கள். கார் டியூப்பின் வால்வுக்கு ரிம்மில் 11.5 மில்லிமீற்றர் துளை. பெரிய வால்வுக்கு ஏறத்தாழ 16. பெரிய துளையில் சின்ன வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி அடியில் கிழியும். அளவு மாறினால் ரப்பர் வளையம் ஒன்று கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

9. மாட்டுவதும் காற்றடிப்பதும்

பாவித்த டயரின் உட்புறத்தைப் பழைய பருத்தித் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கையால் தடவாதீர்கள். டயருக்குள் முறிந்து நிற்கும் முள்நுனி கண்ணுக்குத் தெரியாது, துணியில் நூல் இழுபடும் இடத்தில் அது இருக்கும். குறட்டால் பிடுங்கி எடுத்துவிட்டு இன்னொரு முறை துணியை ஓட்டுங்கள். புது டியூப் போட்ட மறுநாளே பஞ்சர் ஆகிறது என்று புலம்புகிறவர்களின் டயருக்குள் பெரும்பாலும் இந்த முள்தான் இருக்கும். சாதாரண கார் டயருக்குள் டியூப் போடுவதானால், உள்ளே ஒட்டியிருக்கும் கடதாசி லேபிளை உரித்துவிடுங்கள். அதன் ஓரம் டியூப்பை அரைக்கும். டியூப்பின் மேல் முகப்பவுடர் தூவுங்கள். ஒட்டு வேலை செய்த ரிம்மின் உட்பக்கத்தில் கூரான ஒட்டுத்துளி இருக்கிறதா என்று அரத்தால் ராவிச் சமப்படுத்துங்கள்.

பல்லின் திசை முக்கியம். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால், டயரின் மேற்பகுதியில் பல்லுகள் சேரும் கூர் மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போது கூர் முதலில் நிலத்தைத் தொடும், சேறு இருபக்கமும் தள்ளப்படும். மாறிப் போட்டால் பல்லுகள் சேற்றை நடுவுக்குச் சேர்த்துக்கொண்டே இருக்கும், டயர் மொட்டையாகும். டயரின் பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுற்ற வேண்டும். கடையில் இரண்டு டயரையும் ஒரே பக்கமாக ஏற்றித் தந்துவிடுவார்கள். ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு என்று முதலிலேயே சோக்கட்டியால் எழுதிக் கொடுங்கள்.

காற்றடிக்கும்போது டயருக்கு நேரே குனிந்து நிற்காதீர்கள். நீளமான குழாய் போட்டு, பக்கத்தில் விலகி நின்று அடியுங்கள். விளிம்பு ரிம்மில் உட்காருவதற்காக 35 பீஎஸ்ஐக்கு மேல் ஏற்றவே கூடாது. அதுவரைக்கும் உட்காரவில்லை என்றால் காற்றை முழுவதும் இறக்கி, சோப்புத் தண்ணீர் பூசி, விளிம்பைச் சரிசெய்து மீண்டும் தொடங்குங்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் உட்காரும் என்று அடித்து, ரிம் பறந்து மண்டை உடைந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் வரவிடாதீர்கள்.

விளிம்பு உட்கார்ந்ததும் வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்கி, திரும்பவும் அடியுங்கள். டியூப்பின் மடிப்பு அப்போதுதான் விரியும். கடைகளில் இதைச் செய்ய நேரம் எடுக்கமாட்டார்கள். நின்று செய்விக்க வேண்டும்.

நட்டுகளை நட்சத்திர ஒழுங்கில், எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 12 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு 85 முதல் 100 நியூட்டன் மீற்றர். சாவிக்குக் குழாய் மாட்டி ஏறி மிதிக்காதீர்கள், ஸ்டட் இழுபட்டு மெலியும்.

10. முதல் நாட்கள்

பின்டயருக்கு வெறும் வண்டியில் 15 பீஎஸ்ஐ, நெல்மூட்டை ஏற்றினால் 20 முதல் 22. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். 12க்குக் கீழே இறக்கவும் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டயரிலும் ரிம்மிலும் சேர்த்து, வால்வுக்கு நேரே சோக்கட்டியால் ஒரு கோடு கீறுங்கள். சேற்றில் அரை நாள் இழுத்துவிட்டுக் கழுவிப் பாருங்கள். கோடு இரண்டு துண்டாகி ஒன்றையொன்று விட்டு விலகியிருந்தால், டயர் ரிம்மின் மேல் வழுக்குகிறது, டியூப்பும் கூடவே போகிறது, வால்வு சரிந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். காற்றை இறக்கி, டியூப்பை நேராக்கி, 2 பீஎஸ்ஐ கூட்டி ஓடுங்கள்.

ஒரு மணி நேரம் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். முதல் பாரம் ஏற்றி இறக்கியதும் இன்னொரு முறை. ஒட்டிய ரிம் என்றால் முதல் மாதம் முழுவதும் கிழமைக்கு ஒருமுறை ஒட்டைத் துடைத்துப் பாருங்கள். துருநிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது வெடிப்பு. அன்றே கழற்றுங்கள்.

வெட்டைக் காணியில் போய், பாரம் இல்லாமல் பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு அரைப் பாரத்தோடு. முன்பு நின்ற இடத்தில் இப்போது நிற்காது. எவ்வளவு தூரம் கூடுதலாக வேண்டும் என்பதைக் காலுக்குப் பழக்கிய பிறகு குளக்கட்டு இறக்கத்துக்குப் போங்கள். வண்டி உயர்ந்திருக்கிறது, ஆகவே வரம்பைக் குறுக்காக ஏறும்போது முன்பைவிடச் சீக்கிரம் சரியும். வரம்பை நேராக ஏறுங்கள்.

11. கழற்றிய டயர்கள்

முற்றத்தில் போட்டு வைக்காதீர்கள். மாரி தொடங்கியதும் அதற்குள் நீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கும் வரும். நல்ல நிலையில் இருப்பதில் ஒன்றை உதிரிச் சில்லாக ரிம்மோடு கூரைக்குக் கீழே தொங்கவிடுங்கள். மற்றவற்றை ரீபில்ட் செய்கிறவர்கள் கேட்டால் கொடுத்துவிடுங்கள், கேட்காவிட்டால் துளையிட்டு நீர் வடியும்படி செய்துவிடுங்கள். எரிக்க வேண்டாம்.